தம்பூராவின் ஜீவனைக் கண்ட கணக்கு அதிகாரி

ஜாதவ்பூர் ரயில் நிலையத்தில் இறங்கி ராஜா எஸ்.சி. மல்லிக் ரோட்டுக்கு வருகிறவர்களுக்கு ஜாதவ்பூர் பல்கலைக் கழகத்தைத் தெரியாமல் இருக்காது. அதே சாலையில் இன்னொரு பெரிய வளாகமும் இருக்கிறது. இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் என்பது அதன் பெயர். நம்மவர்களில் பலர் தினமும் அதன் வாசலைக் கடந்து ஆபீசுக்குப் போகிறார்கள். நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. ராமனுக்கும் அந்தச் சங்கத்துக்கும் உள்ள உறவு சிலருக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் ஒளியில் கை வைப்பதற்கு முன் அவர் பல ஆண்டுகள் பிடில், வீணை, தம்பூரா, மிருதங்கம் ஆகியவற்றை ஆராய்ந்தார் என்பதும், அதில் ஒரு பகுதியை ஆபீஸ் நேரம் போக மீந்த பொழுதில் செய்தார் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

திருவானைக்காவல் பிள்ளை

சந்திரசேகர வெங்கட ராமன் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர் உபாத்தியாயர். தாயார் பார்வதி அம்மாள். ராமனுக்கு நான்கு வயதாகும்போது தந்தைக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் போதிக்கும் வேலை கிடைத்தது. குடும்பம் அங்கே குடியேறியது. தந்தைக்கு சங்கீதத்தில் ஈடுபாடு உண்டு. பிடில் வாசிக்கவும் தெரியும். வீட்டில் புத்தகங்களும் இருந்தன, இசையும் இருந்தது. அண்ணன் சுப்பிரமணிய ஐயரும் பிற்காலத்தில் கர்நாடக சங்கீதத்தைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அந்தச் சுப்பிரமணிய ஐயரின் மகன்தான் 1983-ல் நோபல் பரிசு பெற்ற வானியல் விஞ்ஞானி சந்திரசேகர்.

ராமன் 11 வயதிலேயே மெட்ரிகுலேஷன் தேறிவிட்டார். சென்னை பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்து 1904-ல் பி.ஏ. பட்டமும், பௌதிகத்துக்கான தங்கப் பதக்கமும் பெற்றார். 1907-ல் எம்.ஏ. பட்டமும் வந்தது. மாணவராக இருந்தபோதே, 1906-ல், லண்டனிலிருந்து வந்த விஞ்ஞானப் பத்திரிகையில் அவருடைய முதல் கட்டுரை வெளியாயிற்று. அந்த நாட்களில் அவர் விரும்பிப் படித்த நூல்களில் ஒன்று ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒலியின் உணர்வைப் பற்றி எழுதியது. தந்தி எப்படி அதிர்கிறது, காது எப்படிக் கேட்கிறது என்பதை எல்லாம் விளக்கும் நூல் அது.

இத்தனை கெட்டிக்காரப் பையன் சீமைக்குப் போய்ப் படிக்க வேண்டியவர்தான். ஆனால் சீமைக் குளிர் அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று சென்னை டாக்டர் தடுத்துவிட்டார். இந்தியாவில் அன்று விஞ்ஞானத்தை நம்பிப் பிழைக்க வழியில்லை. ஆகவே ராமன் நிதி இலாகா உத்தியோகத்துக்கான பரீட்சை எழுதினார். முதலாவதாகத் தேறினார். அதே 1907-ல் லோகசுந்தரி அம்மாளை மணந்தார். அந்த அம்மையார் வீணை வாசிப்பவர். 18 வயது ராமன், உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாகக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார்.

பௌபஜாரில் ஒரு பெயர்ப் பலகை

தம்பதிகள் சியால்டா பக்கத்தில் ஸ்காட் லேனில் குடியிருந்தார்கள். அங்கிருந்து பௌபஜார் வழியாக டிராமில் ஆபீஸ். அப்படி ஒரு நாள் போகும்போது, 210-ஆம் எண் கட்டிடத்தில் ஒரு பெயர்ப் பலகை அவர் கண்ணில் பட்டது. இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் என்று அதில் எழுதியிருந்தது.

அந்தச் சங்கத்தை 1876-ல் தோற்றுவித்தவர் மகேந்திரலால் சர்க்கார் என்ற வங்காள டாக்டர். இந்தியர்கள் தங்கள் சொந்த முயற்சியில் விஞ்ஞான ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. வீடு வீடாகக் கேட்டு நன்கொடை திரட்டி, கட்டிடமும் கருவிகளும் சேர்த்தார். பிரசங்கங்கள் நடந்தன, ஆராய்ச்சி செய்ய ஆள்தான் வரவில்லை. அந்த ஏக்கத்துடனேயே அவர் 1904-ல் காலமானார். மூன்று வருஷம் கழித்து ஒரு தமிழ் இளைஞர் வந்து கதவைத் தட்டினார். கதவைத் திறந்தவர் சங்கத்தின் ஊழியரான ஆசுதோஷ் தே. ஆசு பாபு என்று எல்லோரும் அழைக்கும் அவர், அன்று முதல் ஏறத்தாழ கால் நூற்றாண்டு ராமனுக்கு வலது கையாக இருந்தார். காரியதரிசியாக இருந்த அமிர்தலால் சர்க்கார், மறைந்த டாக்டரின் மகன். அவர் இந்த இளைஞருக்கு ஆராய்ச்சிக் கூடத்தை முழுதும் திறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ராமனின் தினசரி அட்டவணை இதுதான்: காலை ஐந்தரை மணிக்குச் சங்கம். பத்து மணிக்குக் கால் மணி இருக்கையில் வீட்டுக்கு ஓடி வந்து குளித்துச் சாப்பிட்டு ஆபீஸ். மாலை ஐந்து மணிக்கு ஆபீசிலிருந்து நேரே மறுபடியும் சங்கம். வீடு திரும்ப இரவு ஒன்பதரை, பத்து மணி ஆகும். ஞாயிற்றுக் கிழமை முழுவதும் சங்கத்திலேயே. கணக்கு இலாகாவில் அவர் வேலையில் குறை சொன்னவர் கிடையாது. நடுவில் 1909-ல் ரங்கூனுக்கும் 1910-ல் நாகபுரிக்கும் மாற்றினார்கள். 1911-ல் கல்கத்தாவுக்கே திரும்பி வந்தார்.

பிச்சைக்காரன் கையிலிருந்த ஏக்தாரா

பணமில்லாத ஆராய்ச்சிக் கூடத்தில் எதை ஆராய்வது? ராமன் எடுத்துக்கொண்டது அதிரும் தந்தி. ஒரு கம்பி, ஒரு எடை, ஒரு சுரக்கவை, ஒரு போட்டோத் தகடு இருந்தால் வேலை தொடங்கிவிடும்.

வங்காளத்தில் பவுல் பாடகர்கள் ஏந்திவரும் ஏக்தாராவை நாமெல்லாம் ரயிலில் பார்த்திருக்கிறோம். சுரைக்குடுக்கை, அடியில் தோல், பிளந்த மூங்கில், ஒரே ஒரு தந்தி. அதைப் பற்றி ராமன் 1909-லேயே ஒரு கட்டுரை எழுதினார். பிடிலில் தந்தி குதிரையின் மேல் படிந்து அதைப் பக்கவாட்டில் ஆட்டுகிறது. ஏக்தாராவிலோ தந்தி தோலின் நடுவில் நேராகக் கட்டப்பட்டு அதை இழுத்துக்கொண்டு நிற்கிறது. தந்தி ஒரு தடவை இப்படியும் அப்படியும் போய் வரும்போது, இரண்டு பக்கத்திலும் விறைப்பு கூடுகிறது. ஆகவே தோல் இரண்டு தடவை இழுபடுகிறது. அதனால்தான் ஏக்தாராவில் மேல் ஸ்தாயி ஒலி தூக்கலாக எழுகிறது. தெருவில் போகும் கருவிக்கும் ஒரு விதி உண்டு என்பதை இருபது வயது கணக்கு அதிகாரி கண்டு சொன்னார்.

ஓநாய் சுரம்

பிடில், செல்லோ வாசிக்கிறவர்களுக்கு ஒரு பழைய தொல்லை உண்டு. நல்ல வாத்தியமாக இருக்கும். எல்லாச் சுரமும் இனிமையாக வரும். குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் வில்லுக்குக் கட்டுப்படாமல் உறுமும், திக்கும். மேல்நாட்டார் இதற்கு ஓநாய் சுரம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். செல்லோவில் இது மிக அதிகம். வாசிப்பவர் கையைக் குறை சொல்வார்கள். செய்த ஆசாரியைக் குறை சொல்வார்கள்.

ராமன் 1916-ல் இதற்கு விளக்கம் கொடுத்தார். ஒவ்வொரு வாத்தியத்தின் மரக் கூட்டுக்கும் தனக்கென்று ஓர் அதிர்வு எண் இருக்கிறது. தந்தியின் சுரம் அந்த எண்ணோடு ஒத்துப்போகும் இடத்தில் கூடு பலமாக ஆடத் தொடங்கி, தந்தியின் சக்தியை உறிஞ்சிவிடுகிறது. வில் கொடுப்பதைவிடக் கூடு எடுத்துக்கொள்வது அதிகமானால், தந்தி தன் அடிப்படைச் சுரத்தை விட்டுவிட்டு மேல் ஸ்தாயிக்குத் தாவுகிறது. உடனே கூடு அடங்குகிறது. அடங்கியதும் தந்தி பழைய சுரத்துக்குத் திரும்புகிறது. மறுபடியும் கூடு எழுகிறது. இந்த மாறி மாறி வரும் இழுபறியைத்தான் காது உறுமலாகக் கேட்கிறது. தந்தியின் அசைவையும் கூட்டின் அசைவையும் ஒரே தகட்டில் போட்டோ எடுத்து அவர் இதைக் காட்டினார். இங்கே மரத்தில் கீறலும் இல்லை, பசை விடுபடவும் இல்லை. நன்றாக ஒலிக்கக்கூடிய கூடாக இருப்பதாலேயே வருகிற தொல்லை இது.

பாதிச் சம்பளத்துக்கு வந்த பேராசிரியர்

இதற்குள் கல்கத்தா சர்வகலாசாலையின் சர் ஆசுதோஷ் முகர்ஜி கண்ணில் ராமன் பட்டுவிட்டார். தாரக்நாத் பாலித் என்ற வக்கீல் கொடுத்த நன்கொடையில் பௌதிகப் பேராசிரியர் பதவி ஒன்று ஏற்பட்டிருந்தது. அதை ராமனுக்குக் கொடுக்க முகர்ஜி விரும்பினார். ஒரு நிபந்தனை குறுக்கே நின்றது: அந்தப் பதவிக்கு வருகிறவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அதற்காக அந்நிய நாட்டுக்குப் போய்வர ராமன் மறுத்துவிட்டார். கடைசியில் நிபந்தனையைத்தான் தளர்த்தினார்கள்.

சம்பளம் இன்னொரு பிரச்சினை. சர்க்கார் உத்தியோகத்தில் கிடைத்ததில் ஏறக்குறையப் பாதிதான் பேராசிரியருக்கு. பென்ஷனும் பதவி உயர்வும் உள்ள வேலையை விடுவது என்றால் என்ன என்பது மாதச் சம்பளக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முப்பது வயதுகூட ஆகாத ராமன், பத்து ஆண்டு சர்வீசை விட்டுவிட்டு 1917-ல் பேராசிரியர் ஆனார். பௌபஜார் சங்கத்தை மட்டும் விடவில்லை. 1919-ல் அமிர்தலால் சர்க்கார் காலமானதும் சங்கத்தின் கௌரவக் காரியதரிசிப் பொறுப்பும் அவரிடம் வந்தது.

வில் நின்றது, பிடில் நகர்ந்தது

1918-ல் வில்லால் வாசிக்கப்படும் தந்திகளைப் பற்றி ஒரு பெரிய நூலையே சங்கத்தின் வெளியீடாகக் கொண்டு வந்தார். வில்லின் பிடியில் தந்தி ஒட்டிக்கொண்டு போவதும், பிய்த்துக்கொண்டு திரும்புவதும் எந்தக் கணக்கில் நடக்கின்றன என்பதை அதில் வகைப்படுத்தினார்.

கணக்கைச் சோதித்துப் பார்க்க வேண்டுமே! மனிதக் கை ஒரே அழுத்தத்தில், ஒரே வேகத்தில் வில் போடாது. ஆகவே சங்கத்தில் ஓர் இயந்திரம் செய்தார்கள். அதில் வில் அசையாமல் நிற்கும். பிடில்தான் மோட்டாரின் உதவியால் முன்னும் பின்னும் போய் வரும். வில்லின் அழுத்தத்தை எடை வைத்து அளக்கலாம். குதிரைக்கு அருகில் வில்லைக் கொண்டு போகப் போக, நல்ல சுரம் வர அதிக அழுத்தம் தேவைப்படுகிறது. தூரம் பாதியானால் அழுத்தம் ஏறத்தாழ நாலு மடங்கு வேண்டும். மரக் கூடு தானாக அதிரும் சுரங்களிலும் அழுத்தம் அதிகம் தேவை. பிடில் வித்துவான்களின் விரலுக்குத் தெரிந்திருந்த சங்கதி எண்ணாக மாறியது. பல ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் பிடிலை ஆராய்ந்த ஜான் ஷெல்லெங் முதலியோர் ராமனின் இந்த வேலையை அடித்தளமாக வைத்துக்கொண்டுதான் மேலே போனார்கள்.

வளைந்த குதிரை, ஒரு நூல்

1921-ல் வெளியான தம்பூரா, வீணை ஆராய்ச்சி நமக்கெல்லாம் மிக நெருக்கமானது. மேல்நாட்டு பிடிலிலும் கித்தாரிலும் தந்தி ஒரு கூர்மையான விளிம்பின்மேல் உட்காருகிறது. நம் வீணையின் குதிரை மேல் இருக்கும் தகடு லேசாக வளைந்திருக்கிறது. தம்பூராவின் குதிரை அகலமானது. தந்திக்கும் அதற்கும் நடுவில் ஒரு சிறு நூலையும் செருகுகிறோம். அதை ஜீவா என்கிறோம். மேல்நாட்டுக் கண்ணுக்கு இது சரியாகச் செய்யத் தெரியாதவன் செய்த வேலை மாதிரி தோன்றும். தந்தி எங்கே முடிகிறது என்பதே நிச்சயமில்லாத குதிரை!

ராமன் இதைச் சோதித்த விதம் எளிமையானது. ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாமல் நிற்க வேண்டிய மேற்சுரங்கள் பிறக்கவே கூடாது என்பது மேல்நாட்டு விதி. உதாரணமாக, சாதாரணத் தந்தியைச் சரியாக நடுவில் மீட்டி, உடனே அதே நடுவில் விரலால் மெல்லத் தொட்டால் ஒலி நின்றுவிட வேண்டும். தம்பூராவில் அப்படிச் செய்தால் ஒலி நிற்பதில்லை. இருக்கக் கூடாத மேல் ஸ்தாயிச் சுரம் கணீரென்று பாடுகிறது. வீணையிலும் அப்படியே. அதிரும் தந்தி வளைந்த குதிரையைத் தடவித் தடவி எழும்போது, அடிப்படைச் சுரத்தின் சக்தி மேற்சுரங்களுக்குப் போய்ச் சேருகிறது. சுருதி சேர்ந்த தம்பூராவில் யாரும் மீட்டாமலே அந்தர காந்தாரம் கேட்கிறது என்று நம் ரசிகர்கள் தலையாட்டுவார்களே, அது கற்பனை இல்லை. அந்தக் குதிரையும் நூலும் செய்யும் காரியம்.

சித்பூர் ரோட்டில் வாத்தியக் கடைகளைப் பார்த்தவர்களுக்கு ஜவாரி என்ற சொல் தெரியும். சிதார், தம்பூராக் குதிரையின் முகத்தை அரத்தால் இழைத்து இழைத்து, காதால் கேட்டுக் கேட்டுச் சரி செய்யும் வேலை அது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் தேடிப் பிடித்துக்கொண்டிருந்த வளைவின் விஞ்ஞானத்தைத்தான் ராமன் எழுதிவைத்தார்.

கரும்பொட்டு

மிருதங்கக் கதையும் இதே மாதிரிதான். வட்டமான தோலைத் தட்டினால் இனிய சுரம் வராது என்பது பௌதிகப் பாடம். அதன் மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்தின் 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று ஒன்றோடொன்று சேராமல் நிற்கும். அதனால்தான் மேல்நாட்டு டிரம்மை வெறும் சத்தமாக நினைத்தார்கள். மிருதங்கத்தின் வலந்தலையில் சாதமும் கல் பொடியும் சேர்த்து, படிப்படியாகத் தேய்த்து ஏற்றிய கரணை இருக்கிறது. தபலாவிலும் வங்காளத்துக் கோலிலும் இதே கரும்பொட்டு உண்டு.

ராமனும் சிவகாளி குமார் என்ற வங்காள அன்பரும் 1920-ல் இதைப் பற்றி இங்கிலாந்தின் நேச்சர் பத்திரிகைக்கு எழுதினார்கள். 1934-ல் ராமன் விரிவாக மறுபடியும் எழுதினார். தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவி, விரலை வைக்க வேண்டிய இடத்தில் வைத்துத் தட்டினால், அசையாத கோடுகளில் மணல் போய் நிற்கும். அதைக் கொண்டு அவர் கண்டது: தோலின் ஒன்பது விதமான அசைவுகள் அந்தக் கரணையின் எடையால் இழுக்கப்பட்டு, 1, 2, 3, 4, 5 மடங்கு என்று ஐந்தே சுரங்களில் வந்து சேருகின்றன. தந்தி வாத்தியம் போலத் தோல் பாடுகிறது. கணக்குத் தெரியாத எந்தக் காலத்திலோ, காதை மட்டும் நம்பி நம் முன்னோர் இந்த இடத்துக்கு வந்துவிட்டார்கள்.

1927-ல் ஜெர்மனியில் வெளிவந்த பெரிய பௌதிகக் களஞ்சியத்தில் இசைக் கருவிகளைப் பற்றிய அத்தியாயத்தை எழுத அழைக்கப்பட்டவர் ராமன். ஐரோப்பியர்களின் பிடிலைப் பற்றி ஐரோப்பியர்களுக்குச் சொல்லக் கல்கத்தாவிலிருந்து ஒரு தமிழர் தேவைப்பட்டார்.

பழைய வாத்தியம் வைத்திருப்போருக்கு

இந்த ஆராய்ச்சியால் சாமானியனுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். வீட்டுப் பரணில் பாட்டி காலத்துத் தம்பூராவோ வீணையோ, பழைய கித்தாரோ கிடந்தால் லாபம் தெரியும். பழுது எது, குணம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் ரிப்பேருக்குக் கொடுப்பதால் கெடும் வாத்தியங்கள் அநேகம்.

தம்பூராக் குதிரை மேடு பள்ளமாக இருக்கிறதே என்று தட்டையாக இழைத்துவிட்டால் அதன் நாதம் போய்விடும். தந்தி உரசி உரசிக் குதிரையில் பள்ளம் விழுந்திருந்தால் அது உண்மையான பழுது. அதை ஜவாரி தெரிந்தவர் அதே வளைவு திரும்பி வரும்படி இழைக்க வேண்டும். வீணையின் மெழுகு வெயிலில் இளகி மெட்டு நகர்ந்திருந்தால் அதுவும் பழுதுதான். மேளம் மறுபடி கட்டினால் சரியாகும். கித்தாரில் குதிரை பசை விட்டுத் தூக்கிக்கொண்டாலோ, மேல் பலகை வயிறு போல உப்பினாலோ மர வேலை தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். ஆனால் எல்லாம் சரியாக இருந்து, குறிப்பிட்ட ஒரு சுரம் மட்டும் எந்தத் தந்தியில் வாசித்தாலும் சீக்கிரம் செத்துப்போகிறது என்றால், அது அநேகமாகக் கூட்டின் இயல்பு. செல்லோவில் உறுமலாக வருவது கித்தாரில் இப்படி வரும். அதற்காகப் பலகையைச் சீவ வேண்டியதில்லை. செல்லோக்காரர்கள் குதிரைக்குப் பின்னால் தந்தியில் ஒரு சிறு எடையை மாட்டி ஓநாயை அடக்குகிறார்கள். முதலில் காரணம் கண்டுபிடிப்பது, பிறகு அரத்தை எடுப்பது என்பதே ராமன் ஆராய்ச்சியிலிருந்து வாத்தியக்காரருக்குக் கிடைக்கும் பாடம்.

ஒலியிலிருந்து ஒளிக்கு

1921-ல் ராமன் முதல் முறையாகச் சீமை சென்றார். லண்டன் செயின்ட் பால் கோயில் கூண்டில், சுவரோரம் முணுமுணுத்தால் எதிர்ப் பக்கத்தில் கேட்கும் அதிசயத்தைப் பார்த்துவிட்டு, அங்கேயும் ஒலி ஆராய்ச்சி செய்யாமல் வரவில்லை. திரும்பும் கப்பலில் மத்தியதரைக் கடலின் நீலம் அவர் மனத்தைப் பிடித்தது. அந்த நீலம் வானத்தின் பிரதிபலிப்பு மட்டும் இல்லை, தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று கண்டார். அங்கிருந்து ஏழு ஆண்டுகள் பௌபஜாரில் ஒளிச் சிதறல் ஆராய்ச்சி நடந்தது.

அதில் அவருக்குத் துணையாக இருந்த வெங்கடேஸ்வரன் என்பவரைப் பற்றி நாம் அறிய வேண்டும். அலிப்பூர் சர்க்கார் பரிசோதனைச் சாலையில் அவருக்கு வேலை. மாலையிலும் விடுமுறை நாளிலும் சங்கத்துக்கு வந்து ஆராய்ச்சி செய்வார். 1928 ஜனவரியில் கிளிசரினில் சிதறும் ஒளியில் அவர் பார்த்த விசித்திரம், கண்டுபிடிப்பின் கதவைத் தட்டியது. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணன் உடனிருந்து சோதனைகளை நடத்தினார். 1928 பிப்ரவரி 28-ஆம் தேதி ராமன் விளைவு உறுதியாயிற்று.

விஷயம் தந்தி ஆராய்ச்சிக்குத் தூரமானதல்ல. ஒவ்வொரு மூலக்கூறும் சுருதி சேர்த்த தந்தி போலத் தனக்கென்று சில அதிர்வுகளை வைத்திருக்கிறது. அதில் பட்டுத் திரும்பும் ஒளியில் ஒரு சிறு பகுதி, அந்த அதிர்வின் அடையாளத்தைத் தன் நிறத்தில் ஏந்தி வருகிறது. அதைப் படித்தால் அது என்ன பொருள் என்று சொல்லிவிடலாம். 1930-ல் நோபல் பரிசு வந்தது. விஞ்ஞானத்தில் அந்தப் பரிசு பெற்ற முதல் ஆசியர் அவர்.

கசப்புடன் ஒரு விடை

1933-ல் ராமன் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் டைரக்டராகப் போனார். கல்கத்தாவை விட்டது சுமுகமாக முடியவில்லை. சங்கத்தில் தென்னாட்டு மாணவர்களுக்கே இடம் கொடுக்கிறார் என்று ஒரு சாரார் குறை சொன்னார்கள். ராமனும் வார்த்தையை அளந்து பேசுகிறவர் அல்ல. 1934-ல் சங்கத்தின் தேர்தலில் அவர் தரப்பு தோற்றது; அவருக்கு அங்கே பொறுப்பு இல்லாமல் போயிற்று. மாநிலம் விட்டு மாநிலம் வந்து பிழைப்பவர்களுக்கு இந்த மாதிரிச் சங்கடம் புதிதல்ல. ஆயினும் முழுக் கணக்கையும் பார்க்க வேண்டும். அவருக்குக் கதவைத் திறந்தவர்கள் ஆசு பாபுவும் அமிர்தலாலும். நிபந்தனையைத் தளர்த்திப் பதவி கொடுத்தவர் ஆசுதோஷ் முகர்ஜி. மிருதங்கக் கட்டுரையில் கூடக் கையெழுத்திட்டவர் சிவகாளி குமார். கல்லூரிப் படிப்பு இல்லாத ஆசு பாபுவின் பெயரைத் தன் பெயருடன் சேர்த்து சீமைப் பத்திரிகையில் கட்டுரை வெளியிட்டவர் ராமன்.

1948-ல் பெங்களூரில் தன் பெயரால் ஓர் ஆராய்ச்சிக் கழகத்தை நிறுவினார். 1954-ல் பாரத ரத்னா விருது பெற்றார். 1970 நவம்பர் 21-ஆம் தேதி பெங்களூரில் காலமானார்.

ஜாதவ்பூருக்கு வந்த சங்கம்

பௌபஜார் தெரு இன்று பிபின் பிஹாரி கங்குலி தெரு. அந்த 210-ஆம் எண்ணில் இப்போது ஒரு வணிகக் கல்லூரி நடக்கிறது. இடம் போதாமல், மேகநாத் சாகாவின் முயற்சியால், 1950-களின் தொடக்கத்தில் சங்கம் ஜாதவ்பூருக்கு மாறிற்று. ஆகவே ராமன் இந்த ஜாதவ்பூர்க் கட்டிடத்தில் வேலை செய்தவர் அல்ல. அவர் வளர்த்த சங்கம்தான் இங்கே இருக்கிறது. 1998-ல் அமெரிக்க ரசாயனச் சங்கம் ராமன் விளைவைச் சர்வதேசச் சரித்திரச் சின்னமாக அறிவித்து கௌரவித்ததும் இந்த ஜாதவ்பூர் வளாகத்தில்தான். பிப்ரவரி 28-ஆம் தேதியை 1987 முதல் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடி வருகிறோம்.

ஃபேர்லி பிளேசிலும் கார்டன் ரீச்சிலும் கோப்புக் கட்டுகளோடு பொழுது போக்கும் நம்மவர் எல்லோரும் ராமன் ஆகிவிட முடியாது. அந்த மேதை அவருக்கே உரியது. ஆனால் காலை ஐந்தரையும் மாலை ஐந்தும் எல்லோருக்கும் வருகின்றன. லேக் மார்க்கெட் பக்கம் பஜனைக்கோ கச்சேரிக்கோ போகும்போது, பாட்டு தொடங்குமுன் தம்பூராக்காரர் குதிரைமேல் நூலை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பார். நாதம் திடீரென்று திறந்துகொள்ளும் அந்தக் கணத்தைக் கவனித்துக் கேளுங்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில் ஒரு தமிழர் அதைத்தான் உட்கார்ந்து கேட்டார். ஏன் என்று கேட்டு, விடையும் கண்டார்.